பொம்மியின் துக்கம்

ஆஸ்திரேலியனுக்கு இங்கிலீஷ்காரனைக் கண்டால் ஆகாது என்பது பலரும் சொல்லிப் பழகிவிட்ட விஷயம். கிரிக்கெட்டைக் காட்டுவார்கள், நையாண்டிப் பாட்டுகளைக் காட்டுவார்கள், முடியாட்சி வேண்டுமா வேண்டாமா என்ற ஓயாத விவாதத்தைக் காட்டுவார்கள். இவை இங்கிலாந்தைப் பற்றிய பேச்சு. பூமியின் மறுபாதியில் உள்ள தேசத்தோடு சண்டை பிடிப்பது சுலபம். அங்கிருந்து கப்பலேறி வந்து பக்கத்து வீட்டில் குடியிருக்கிறவனை எப்படிப் பார்ப்பது என்பது வேறு பிரச்னை. அதைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் நகைச்சுவைக் கணக்கில் சேர்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கோ அது துக்கம் சம்பந்தப்பட்ட விஷயமாகப் படுகிறது. யாருக்குத் துக்கப்பட அனுமதி உண்டு, யாருக்கு இல்லை என்ற விஷயம்.

யுத்தத்துக்குப் பின், 1947இல் தொடங்கி 1982இல் முடிந்த உதவிப் பயணத் திட்டத்தின் கீழ் பத்து லட்சத்துக்கும் அதிகமான பிரிட்டிஷ்காரர்கள் ஆஸ்திரேலியா போனார்கள். முதல் இருபத்தைந்து வருஷத்துக்கு வயது வந்தவருக்குக் கட்டணம் பத்துப் பவுன். குழந்தைகளுக்கு இலவசம். இரண்டு வருஷமாவது தங்க வேண்டும். முன்னதாகத் திரும்பினால் பயணச் செலவைக் கட்டிவிட்டுப் போக வேண்டும். இவர்களுக்குப் 'பத்துப் பவுன் பொம்' என்று பெயர். நம் பி.ஏ. பாடத்திட்டம் அறிமுகப்படுத்திய இங்கிலீஷ்காரர்களில் இவன் கிடையாது. வயல்வெளியைப் பார்த்துப் பரவசப்படுகிறவனும் வரவேற்பறையில் டீ குடிப்பவனும் உண்டு. பர்மிங்ஹாமில் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு மனைவி மக்களோடு துறைமுகத்தில் வரிசையில் நின்றவன் இல்லை. நம் ஊருக்கு வந்த வெள்ளைக்காரனோ பென்ஷன் வாங்கிக்கொண்டு திரும்பிப் போகிறவனாகவே வந்தான். குடியேறி, கேலிக்கு ஆளாகி, வாயை மூடிக்கொண்டு காலம் தள்ளிய வெள்ளைக்காரனைக் கற்பனை செய்ய நமக்குக் கொஞ்சம் பிரயத்தனம் வேண்டியிருக்கிறது.

பொம், பொம்மி என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். (நம் காதுக்கு மதுரைவீரன் மனைவியின் பெயர். இருக்கட்டும்.) 1912 வாக்கில் அச்சில் வருகிற இச்சொல் மாதுளம்பழத்துக்கான இங்கிலீஷ் வார்த்தையிலிருந்து பிறந்தது. குடியேறி என்ற சொல்லோடு ஓசை இயைந்ததாலும், வந்திறங்கியவர்களின் சிவந்த கன்னங்களாலும் ஒட்டிக்கொண்ட விளையாட்டுப் பெயர். ஆனால் ஜனங்கள் நம்புவது வேறொரு கதையை. மன்னரின் கைதி என்ற பொருள்படும் இங்கிலீஷ் வார்த்தைகளின் முதலெழுத்துக்களைச் சேர்த்து வந்தது என்பார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் எத்தனை முறை மறுத்தாலும் இந்தக் கதை சாகவில்லை. ஏன் என்று யோசிக்க வேண்டும். 1788லிருந்து 1868 வரை கைதிகளாக ஏற்றி அனுப்பப்பட்டவர்கள் ஆஸ்திரேலியனின் மூதாதையர், அனுப்பியது இங்கிலாந்து. கைதி என்ற பட்டத்தை அங்கிருந்து புதிதாக வருகிறவன் தலையில் சூட்டிவிட்டால் பரம்பரைக் கணக்கு ஒன்று நேராகிறது. பொய்யான சொற்பிறப்புகளுக்கும் ஒரு உளவியல் உண்மை இருக்கத்தான் செய்கிறது.

இந்தச் சொல்லுக்கு ஸ்காட்லாந்துக்காரனும் ஐரிஷ்காரனும் பெரும்பாலும் தப்பிவிடுகிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தின் மேல் அவர்களுக்கே ஒரு பழைய வழக்கு இருப்பதால் ஆஸ்திரேலியன் அவர்களைத் தன் கட்சியில் சேர்த்துக்கொள்கிறான்.

பொம்மியோடு நிரந்தரமாக ஒட்டிக்கொண்ட அடைமொழி, மூக்கால் அழுகிறவன் என்பது. மூக்கால் அழுவதற்கு ஆஸ்திரேலியன் வைத்திருக்கும் வார்த்தை இங்கிலாந்தின் வடபகுதியிலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் போன வட்டார வழக்கு என்பது ஒரு வேடிக்கை. வந்தவன் எதைப் பற்றி அழுதான்? பலருக்கு முதல் வீடு நிஸ்ஸென் குடிசை. பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்த மாதிரி வளைந்த தகரக் கூடாரம். வெயில் காலத்தில் உள்ளே இருக்க முடியாது. பொதுக் கழிப்பறை, பொதுச் சாப்பாட்டுக்கூடம், தட்டில் திரும்பத் திரும்ப ஆட்டுக்கறி. லண்டனில் பார்த்த விளம்பரத்தில் கடற்கரையும் தனி வீடும் இருந்தன. 1950களில் விடுதிக் கட்டணம் உயர்ந்தபோது கட்ட மறுத்துப் போராடியதும் உண்டு. பிற்பாடு தொழிற்சங்கங்களில் முன்னால் நின்றவர்களிலும் இவர்கள் கணிசம். பத்திரிகைகளுக்கு அது போதுமானதாக இருந்தது. உரிமை கேட்கிறவனை முனகுகிறவன் என்று பெயரிட்டுவிடுவது எந்த நிர்வாகத்துக்கும் சௌகரியமானது. வங்கியில் பதினைந்து வருஷம் உத்தியோகம் பார்த்தவனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தகரக் குடிசையைப் பற்றிய புகாருக்கு அடியில் வேறொன்று இருந்தது. அம்மாவை விட்டுவிட்டு வந்தது. சாவுக்குப் போக முடியாது, கப்பலில் ஆறு வாரம் ஆகும். இந்த ஊரின் மரங்கள் இலையுதிர்ப்பதில்லை, பட்டையை உரிக்கின்றன. கிறிஸ்துமஸ் கோடையில் வருகிறது. இதையெல்லாம் ஒரு கிரேக்கன் சொன்னால் ஆஸ்திரேலியன் புரிந்துகொண்டான், அல்லது புரிந்துகொண்ட பாவனையாவது செய்தான். கிரேக்கன் அந்நியன், அந்நியனுக்கு ஏக்கம் சகஜம். இங்கிலீஷ்காரன் சொன்னபோது அது ஆஸ்திரேலியாவின் மேல் வீசப்பட்ட விமர்சனமாகக் கேட்டது. ஒரே பாஷை, ஒரே மன்னர், ஒரே பாடநூல். உனக்கு இங்கே எது குறைச்சல்? பாஷை ஒன்றாக இருந்ததே அவனுடைய துரதிருஷ்டம். அவன் வாயைத் திறந்ததும் கேட்டது அவனுடைய குரலே அல்ல. அதிகாரியின், நீதிபதியின், கப்பல் கேப்டனின் குரல். தொழிலாளி பேசினாலும் துரை பேசுவதாகக் கேட்கும் காது ஒன்றை ஆஸ்திரேலியா நூற்றைம்பது வருஷமாக வளர்த்து வைத்திருந்தது.

1957இல் வெளிவந்து சக்கைபோடு போட்ட 'தேர் அ வியர்ட் மாப்' நாவலை இங்கே நினைத்துக்கொள்கிறேன். நினோ குலோட்டா என்ற இத்தாலியக் குடியேறி தன் கதையைச் சொல்வதுபோல எழுதப்பட்டது. எழுதியவர் ஜான் ஓ'கிரேடி என்ற ஆஸ்திரேலியர். ஆஸ்திரேலியப் பேச்சு புரியாமல் இத்தாலியன் தடுமாறுவதும் கட்டட வேலை செய்து அவர்களில் ஒருவனாவதும் கதை. இலக்கியார்த்தமாகப் பெரிய விஷயம் எதுவும் இதில் இல்லை. ஆனால் ஒரு ஆஸ்திரேலியர் வந்தேறியின் வேஷம் கட்ட நினைத்தபோது, எண்ணிக்கையில் மிக அதிகமாக வந்துகொண்டிருந்த இங்கிலீஷ்காரனின் சட்டை அவருக்குக் கைக்கு வரவில்லை. இத்தாலியனின் அறியாமை ஆஸ்திரேலியனைப் பெருமைப்படுத்துகிறது. இங்கிலீஷ்காரனின் அறியாமையை யாரும் நம்பமாட்டார்கள். 1966இல் இதைப் படமாக எடுத்தவர் மைக்கேல் பவல் என்ற இங்கிலீஷ்காரர் என்பதைச் சேர்த்துக்கொண்டால் விஷயம் இன்னும் சுவாரஸ்யமாகிறது. அவருக்கும் இத்தாலியன் வழியாகத்தான் உள்ளே போக முடிந்தது.

அரசாங்கம் இவர்களை விரும்பி அழைத்ததற்கான காரணத்தை மறைக்க வேண்டியதில்லை. 1901இலேயே சட்டமாகி 1973 வரை உயிரோடிருந்த வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கைக்கு இவர்கள்தான் அடித்தளம். நம் நிறத்துக்காரனுக்குக் கதவு சாத்தியிருந்தபோது இவர்களுக்குப் பத்துப் பவுனில் டிக்கெட். ஆதிக்குடிகளின் கண்ணில் கேலி செய்தவனும் கேலிக்கு ஆளானவனும் ஒரே கப்பலில் வந்தவர்கள். ஆகவே பொம்மியை அப்பாவியாக்க நான் முயலவில்லை. சலுகையும் துக்கமும் ஒரே மனிதனிடத்தில் இருக்க முடியும். சலுகை இருந்ததாலேயே துக்கத்துக்குச் சொல் இல்லாமல் போயிற்று.

சட்டம் மெதுவாகத்தான் கண்ணைத் திறந்தது. ஆஸ்திரேலியக் குடியுரிமை என்று தனியே ஒன்று 1949 ஜனவரியில்தான் அமலுக்கு வந்தது. 1984 ஜனவரி வரை வாக்காளர் பட்டியலில் இடம்பெற்ற பிரிட்டிஷ்காரர் குடியுரிமை பெறாமலேயே ஓட்டுப் போடலாம். 1988இல் உயர்நீதிமன்றம், குடியுரிமை பெறாத பிரிட்டிஷ்காரனும் அந்நியனே என்றது. 1999இல் ஹெதர் ஹில் வழக்கில் பிரிட்டனே அயல்நாட்டு வல்லரசு என்று தீர்ப்பாயிற்று. குடியேற்றத்தை எதிர்த்துப் பிரசாரம் செய்த ஒன் நேஷன் கட்சியின் சார்பில் ஜெயித்தவர் அவர். பிரிட்டிஷ் குடியுரிமையைத் துறக்காமல் நின்றதால் செனட் இடத்தை இழந்தார். பார்லிமெண்டில் வந்தேறிகளைப் பற்றிப் பேசப் புறப்பட்டவர் தானே வந்தேறி என்று கோர்ட்டில் தெரிந்துகொண்டது, எந்த நாடகாசிரியனும் வெட்கப்பட்டு விட்டுவிடக்கூடிய அளவுக்குப் பொருத்தமான கட்டம்.

குழந்தைகளையும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனின் அனாதை விடுதிகளிலிருந்து அனுப்பப்பட்டவர்கள். அவர்களில் பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். இதற்கு ஆஸ்திரேலியப் பிரதமர் 2009இலும் பிரிட்டிஷ் பிரதமர் 2010இலும் மன்னிப்புக் கேட்டார்கள். அந்தக் குழந்தைகளும் பள்ளிக்கூடத்தில் பொம்மிகள்தாம்.

இருவரை அருகருகே வைத்துப் பார்க்கலாம். நாட்டிங்ஹாம்ஷயரின் நிலக்கரிப் பிரதேசத்தில், ஒன்றுக்கொன்று தூரமில்லாத ஊர்களில் பிறந்த சுரங்கத் தொழிலாளிகளின் பிள்ளைகள். ஒருவர் டி.எச். லாரன்ஸ். 1922இல் மூன்று மாதம் மட்டும் ஆஸ்திரேலியாவில் இருந்தார். சிட்னிக்குத் தெற்கே திரூல் என்ற கடலோர ஊரில் உட்கார்ந்து 'கங்காரு' நாவலின் பெரும்பகுதியை எழுதி முடித்தார். அதில் வரும் சோமர்ஸ் உழைக்கும் ஜனங்களிடையே பிறந்தவன். ஆஸ்திரேலியாவில் இறங்கி, யாரும் யாருக்கும் தொப்பியைத் தொடாத சமத்துவத்தைப் பார்த்ததும் தன்னையறியாமல் ஆள்கிறவர்களின் பக்கம் போய் நின்றுகொள்கிறான். லாரன்ஸின் நேர்மை இந்த இடத்தில்தான் இருக்கிறது. தன் பாத்திரத்தை அவர் காப்பாற்றவில்லை. ஆஸ்திரேலியனின் காது கேட்ட துரையின் குரல் முழுக்கப் பிரமையில்லை என்பதற்கு இங்கிலீஷ் பக்கத்திலிருந்து வந்த வாக்குமூலம் அது.

மற்றவர் ஹரால்ட் லார்வுட். 1932-33இல் உடம்பைக் குறிவைத்துப் பந்து வீசி ஆஸ்திரேலியாவை வெறிகொள்ள வைத்தவர். வீசச் சொன்ன கேப்டன் டக்ளஸ் ஜார்டின், பம்பாயில் பிறந்து ஆக்ஸ்போர்டில் படித்தவர். ஆட்டம் முடிந்து ஊர் திரும்பியதும் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். கேட்க மறுத்த லார்வுட் அதற்குப் பின் இங்கிலாந்துக்கு ஆடவே இல்லை. பிளாக்பூலில் மிட்டாய்க் கடை வைத்திருந்தவர் 1950இல் மனைவியையும் ஐந்து பெண்களையும் அழைத்துக்கொண்டு, முன்பு ஆட வந்த அதே ஓரன்டீஸ் கப்பலில் சிட்னிக்குக் குடியேறினார். உதவி செய்தவர், அவர் பந்துக்கு முன் நின்று ஆடிய ஜாக் ஃபிங்கிள்டன். ஹோட்டல் செலவில் ஒரு பகுதியை வெளியே தெரியாமல் ஏற்றுக்கொண்டவர், முந்தைய வருஷம்வரை பிரதமராயிருந்த பென் சிஃப்லி. 1995இல் சாகும்வரை லார்வுட்டை சிட்னி தன்னவராகவே வைத்துக்கொண்டது.

இதை ஆஸ்திரேலியர்களின் பெருந்தன்மை என்று சொல்லிவிடலாம், பெருந்தன்மையும் இருந்தது. ஆனால் லார்வுட் கொண்டுவந்த காயம் இங்கிலாந்தின் கனவான்கள் கொடுத்தது. ஆஸ்திரேலியா பொம்மிக்கு அனுமதித்த ஒரே துக்கம் அதுதான். இங்கிலாந்தை இழந்ததற்காக அழக்கூடாது, இங்கிலாந்து செய்ததற்காக அழலாம்.

அனுமதிக்கப்படாத அந்த மற்றத் துக்கத்தை எழுதியவர் என்று எனக்குத் தெரிந்து எலிசபெத் ஜாலிதான். 1923இல் பர்மிங்ஹாமில் பிறந்தவர். தாய் ஆஸ்திரியப் பெண். 1959இல், நூலகராக வேலை கிடைத்த கணவரோடு மேற்கு ஆஸ்திரேலியா போனார். பல வருஷங்கள் பத்திரிகைகளும் பதிப்பகங்களும் திருப்பி அனுப்பிக்கொண்டேயிருந்தன. முதல் புத்தகம் வந்தது 1976இல், ஐம்பத்து மூன்றாம் வயதில். பத்து வருஷத்தில் 'தி வெல்' நாவலுக்கு மைல்ஸ் ஃப்ராங்க்ளின் பரிசு. 1984இல் எழுதிய 'மில்க் அண்ட் ஹனி'தான் என்னைத் தொந்தரவு செய்கிற புத்தகம். நாடிழந்தவர்களின் மூச்சுமுட்டும் வீடு ஒன்றை அதில் கட்டுகிறார்: மூடிய அறைகள், பழைய மரியாதைகள், விடாமல் ஒலிக்கும் சங்கீதம். அந்த வீட்டில் இருப்பவர்கள் வியன்னாக்காரர்கள். தாயின் ஊர் அது என்பது சரியான விளக்கமே. ஆனாலும் தன்னைப்போல பர்மிங்ஹாமிலிருந்து வந்த குடும்பத்தை அதே வீட்டில் வைத்திருந்தால் வாசகன் சிரித்திருப்பான். இந்த ஆபத்தை ஜாலியின் கலையுணர்வு மோப்பம் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன். அவருடைய விசித்திரமான நகைச்சுவையையே விமர்சகர்கள் அதிகம் பேசுகிறார்கள். அந்தச் சிரிப்பு பெரும்பாலும் முந்திக்கொண்டு சிரிப்பது. பிறர் சிரிப்பதற்குள் தானே சிரித்து அழுகைக்குக் கொஞ்சம் இடம் பிடித்து வைப்பது.

வேஷமில்லாமல் எழுத அவருக்கு இன்னும் காலம் பிடித்தது. 'மை ஃபாதர்ஸ் மூன்' 1989இல் வந்தது. யுத்தகால ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பழகும் வேரா ரைட் என்ற இங்கிலீஷ் பெண்ணின் குரல். மூன்று நாவல்களாக நீளும் அவள் கதையில் மூன்றாவது, 'தி ஜார்ஜஸ் வைஃப்'. வேரா ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறுவது அதில்தான். அது வந்த வருஷம் 1993. ஜாலி கப்பலிலிருந்து இறங்கி முப்பத்து நான்கு வருஷம் ஆகியிருந்தது, வயது எழுபது.