அடுக்கரளிக் கன்று

துறைமுகத்தை நோக்கி இரவும் பகலும் ஊர்ந்து செல்லும் கண்டெய்னர் லாரிகளின் புழுதியும், ஆலைப் புகையும், இவ்விரண்டையும் சுமந்து வரும் உப்புக் காற்றும் ஆட்சி புரிகிற வடசென்னைக் கரையோரத்தில், பூச்செடி வளர்க்க ஆசை கொண்டவர்களுக்கு அரளியைவிட உற்ற துணை வேறொன்று உண்டென்று எனக்குத் தோன்றவில்லை. ராயபுரத்து ஜன்னல் கம்பிகளைத் துருவேற்றும் அதே காற்றில், ரோஜாவின் இலை விளிம்பு கருகிப்போகும் அதே மொட்டைமாடியில், அரளி மட்டும் முகம் கோணாமல் பூத்துக்கொண்டிருக்கிறது. தடித்த இலையின் அடிப்புறத்தில், மயிரடர்ந்த சிறு குழிகளுக்குள்ளே தன் சுவாசத் துளைகளை அது ஒளித்து வைத்திருப்பதால், வறண்ட காற்று அதன் ஈரத்தை எளிதில் கவர்ந்துகொண்டு போக முடிவதில்லை. 1945-இல் அணுகுண்டால் பொசுங்கிய ஹிரோஷிமாவில் முதலில் பூத்த மலர் என்று போற்றி, அந்நகரத்தார் அரளியைத் தங்கள் நகரத்தின் மலராகவே வரித்துக்கொண்டார்கள் என்றால், எண்ணூர்ப் புழுதி அதற்கு எம்மாத்திரம்!

புன்னை, வெள்ளெருக்கு, நந்தியாவட்டை முதலியவற்றோடு அட்ட புட்பங்களில் ஒன்றாக எண்ணப்பட்டுச் சிவபூஜைக்கு உரியதான இம்மலரே, மிருச்சகடிக நாடகத்தில் கொலைக்களத்துக்கு அழைத்துச் செல்லப்படும் சாருதத்தனின் கழுத்திலும் மாலையாகக் கிடக்கிறது. செவ்வரளி, வெள்ளரளி என்ற ஒற்றை இதழ் வகைகளுக்குத் தனி அழகு உண்டெனினும், என் அபிமானமெல்லாம் ரோஜா வர்ணத்து அடுக்கரளியின் மீதே. விதையிலிருந்து வளர்த்தால் அது தாயின் குணத்தை அப்படியே கொண்டு பிறக்கும் என்ற நிச்சயம் இல்லை. ஆகையால் திருவொற்றியூரின் ஏதோ ஒரு சந்து வாசலில் பெயிண்ட் டப்பாவில் நின்று பூக்கும் அடுக்கரளி, யாரோ ஒருவர் கேட்க, மற்றொருவர் மனமுவந்து ஒடித்துக் கொடுத்த குச்சியின் வழித்தோன்றலே ஆகும்.

அந்தக் குச்சியைத் தேர்ந்தெடுப்பதில்தான் இக்கலையின் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பச்சை மாறாத இளந்தண்டு அழுகிவிடும். சாம்பல் பூத்து முற்றிய கட்டையோ வேர்விட நெடுநாள் எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் இடைப்பட்டு, அடிப்பாகம் பழுப்பேறத் தொடங்கியும் நுனி பசுமை மாறாமலும், வளைத்தால் சற்றே எதிர்த்து நிற்கிற, பென்சில் கனமுள்ள கிளையைக் கண்டுபிடிக்கக் கண்ணைவிட விரலே சிறந்த வழிகாட்டி. ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே, கூரிய கத்தியால், தோல் நசுங்காமல் சாய்வாக வெட்டி, 6 முதல் 8 அங்குல நீளம் வைத்துக்கொண்டு, கீழ் இலைகளைக் களைந்து, மேலே எஞ்சியவற்றைப் பாதியாக நறுக்கிவிட்டால், வேரில்லாத குச்சியிலிருந்து நீர் ஆவியாகி வீணாவது குறையும். நுனி மொட்டுகளிலும் இளந்தளிர்களிலும் சுரந்து கீழ்நோக்கி இறங்கும் ஒரு வளர்ச்சிச் சத்து வெட்டுவாயில் தேங்கி நின்று, அங்கே வேரைப் பிறப்பிக்கிறது. 1928-இல் ஹாலந்து தேசத்து வெண்ட் என்பவர் ஓட்ஸ் முளைகளைக் கொண்டு அந்தச் சத்தைப் பிரித்தறிந்து உலகுக்குக் காட்டினார். குச்சி நட்டுக் கன்றாக்கிய நம் பாட்டிமார்களோ, அதன் பெயரை அறியாமலே அதன் வேலையை அறிந்திருந்தார்கள்.

ஹார்லிக்ஸ் புட்டியில் தண்ணீர் ஊற்றிக் குச்சியை நிறுத்துவது இங்கே பலருக்கும் பழக்கம். சில வாரங்களில் நீருக்குள் இருக்கும் தோலில் வெள்ளைப் புள்ளிகள் பருத்தெழுந்து, பின்னர் அவற்றினின்றும் நூல்போன்ற வேர்கள் புறப்படுகிற காட்சி, பார்க்கப் பார்க்கத் தெவிட்டாதது. எனினும் நீரில் பிறந்த வேர் எளிதில் முறிந்துபோகும் சுபாவமுடையது. மணலில் பிறந்த வேரே திடமானது என்பது என் கட்சி. மணல் என்றதும் காசிமேட்டுக் கரையிலிருந்து வாரிவந்துவிடலாகாது. வளர்ந்த அரளி உப்பைத் தாங்குமே தவிர, வேரில்லாத குச்சி தாங்காது. கடல்நீர் கலந்து கரித்துப்போன ஆழ்குழாய் நீரும் அதற்கு ஆகாது. ஆற்று மணலும், மழைநீரோ லாரித் தண்ணீரோ கிடைத்தால் போதும். சித்திரை, வைகாசி வெயிலைத் தவிர்த்து, ஆடி ஆவணியின் மந்தாரத்தில் நட்டு நிழலில் வைப்பது உத்தமம்.

அரளியின் சர்வாங்கமும் விஷம். வெட்டியபின் கையைக் கழுவாமல் வேறு காரியம் தொடக்கூடாது. கழித்த குச்சிகளை அடுப்பில் இடக்கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் வேர்விடும் புட்டியை உயரத்தில்தான் வைக்க வேண்டும். அந்த நஞ்சையே ஆகாரமாக உண்டு வளர்ந்த கருப்பு வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழு, இலையடியில் வெள்ளிக் குண்டலம்போல் பளபளத்துத் தொங்குவதைக் காண நேர்ந்தால், அந்தக் கிளையை மட்டும் அவ்வருஷம் வெட்டாமல் விட்டுவிடுவேன்.

குச்சி கேட்கிறவருக்கு இல்லையென்று சொல்கிற வீட்டையும் பார்த்திருக்கிறேன். செடி நலிந்துபோகும் என்பது அவர்கள் பயம். உண்மை அதற்கு நேர்மாறானது. அரளி புதுத் தளிரின் நுனியில்தான் பூங்கொத்து வைக்கிறது. கணுவுக்கு மூன்று இலைகளாக அமைந்த அதன் கிளையை நறுக்கினால், எஞ்சிய கணுவிலிருந்து பெரும்பாலும் மூன்று தளிர்கள் கிளைத்தெழுகின்றன. ஒரு பூங்கொத்து இருந்த இடத்தில், கொடுத்தவர் வீட்டுச் செடியில் அடுத்த பருவத்துக்கு மூன்று கொத்துகள் பூக்கும்.