கண்ணாடியில் ஒட்டிய சாம்பல் துளி

தொட்டி விளக்கை அணைத்து ஒரு மணி நேரமாவது ஆக வேண்டும். பிறகு டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொண்டு, ஸ்டூலைப் போட்டுச் சத்தமில்லாமல் உட்கார வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் நண்பர், தன் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியைப் பார்க்க எனக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். காசு கொடுத்து வாங்கிய மீன்களெல்லாம் அதற்குள் தூங்கிவிடும். வாங்காதவை அப்போதுதான் வெளியே வரும். ‘லைவ் ராக்’ என்கிற கடற்பாறைத் துண்டின் பொந்துகளில் ஒளிந்து வந்தவை. சிவப்பு வெளிச்சம் அவற்றில் பலவற்றின் கண்ணுக்கு உறைப்பதில்லை.

(தமிழ்நாட்டில் யாரும் மண்டபம் கடற்கரைப் பக்கம் போய்ப் பவளக்கல் பொறுக்கிவிட வேண்டாம். 2001 முதல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன.)

முதல் இரவில் கண்ணாடியில் விரல் நக அளவு வெள்ளை நட்சத்திரம் ஒன்று ஊர்ந்தது. எண்ணினேன். மூன்று கை பெரிது, மூன்று கை துக்கடா. “அடிபட்டிருக்கும் போல” என்றேன். நண்பர் சிரித்தார். அந்தக் கோணல்தான் அதன் அடையாளமாம். ஆஸ்டரினா என்று பெயர். தன்னைத் தானே இரண்டாகப் பிய்த்துக்கொள்ளும். இரண்டு பாதியும் மிச்சக் கைகளை முளைக்கவிட்டுக்கொள்ளும்.

ஆலாபனையில் முதல் பிடி விழுந்ததுமே ராகத்தைச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. பைரவியா மாஞ்சியா என்று இன்னும் இரண்டு நிமிடம் வாய் திறக்காமல் இருப்பவர்தான் என் கட்சி. தொட்டியிலும் அவசரம் ஆகாது. பழுப்பாக, பாதி கண்ணாடிபோல ஒரு குட்டிக் கடல்சாமந்தி விரிந்தால் அழகாகத்தான் இருக்கும். ஐப்டேசியா அது. கத்தியால் சுரண்டினால் தொலைந்தீர்கள். பாறையில் தங்கும் ஒவ்வொரு துணுக்கும் தனிச் செடிபோலக் கிளம்பும். புழு என்றால் அலறிக் கொல்பவர்களும் உண்டு. உடலோரம் ரோமக் கற்றைகளோடு தலைகாட்டும் இளஞ்சிவப்புப் புழு பெரும்பாலும் மீந்த தீனியைத் தின்னும் துப்புரவாளி. வெறுங்கையால் தொடாமல் இருந்தால் போதும். தலையில் ஐந்து உணர்கொம்புகள் தெரிந்தால்தான் விஷயம் வேறு. இங்கிலாந்தின் நியூகீ நகரக் காட்சியகத்தில் பவளங்களை யாரோ கடித்துக் குதறிக்கொண்டிருந்தார்கள். பொறி வைத்தும் சிக்கவில்லை. 2009இல் பாறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தபோது அகப்பட்டது அந்த வகையில் நான்கடி நீளப் புழு. பாரி என்று பெயர் வைத்தார்கள்.

ஆனால் இப்படிப் பொறுமையாகப் பார்க்கும் கலையின் உச்சம் என்று நான் நினைப்பது நான்கடிப் புழுவை அல்ல, ஓரிரு மில்லிமீட்டர் சாம்பல் துளி ஒன்றை. 1883இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில், கடல்நீர்த் தொட்டியின் சுவரில் ஃபிரான்ஸ் ஐல்ஹார்ட் ஷுல்ட்சே அதைப் பார்த்தார். வாய் இல்லை, குடல் இல்லை, நரம்பு இல்லை. ஓரம் நெளிய நெளிய நகர்ந்து, பாசிமேல் படுத்து, அடிவயிற்றாலேயே செரித்துக்கொள்ளும். ட்ரைக்கோப்ளாக்ஸ் என்று பெயரிட்டார். பின்னால் வந்தவர்கள் ஏதோ ஜெல்லிமீன் இனத்தின் குஞ்சுப் பருவம் என்று சொல்லி ஒதுக்கினார்கள். பல பத்தாண்டுகள் அதை ஏறிட்டுப் பார்த்தவர்களே குறைவு. 1971இல் கார்ல் கிரெல் அதற்கென்று தனித் தொகுதியே வகுத்தார்: பிளாக்கோசோவா. தொகுதி என்றால் சாதாரணமில்லை. நண்டும் வண்டும் சிலந்தியும் சேர்ந்தே ஒரு தொகுதிதான்.

அந்தத் துளியை நாம் பார்த்திருந்தால் அழுக்கென்று ஸ்பாஞ்சால் துடைத்திருப்போம்.

வெப்பக் கடல்களில் அது பரவலாக உண்டு. கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் மைக்ராஸ்கோப் ஸ்லைடு ஒன்றை உள்ளே பத்து நாள் நிறுத்திவையுங்கள். எடுத்து, ஈரம் காயும் முன் லென்ஸில் பாருங்கள்.