சிறுகதையும் நனவோடை உத்தியும்

சிறுகதையாவது ஒரு நிகழ்ச்சியைச் சுவைபடச் சொல்வது என்னும் கருத்து நம்மிடை நெடுங்காலம் நிலவிற்று. ஆயின், சொல்லத்தக்க நிகழ்ச்சி யாதும் இன்றி, ஒருவன் உள்ளத்தில் எழுந்து மறையும் நினைவுகளே கதையாய் அமைதலும் உண்டு. அவ்வாறு எழுதும் முறையை நனவோடை உத்தி என்பர். இவ்வுத்தி தமிழ்ச் சிறுகதைக்கு வேண்டுவதொன்றா, அன்றி மேனாட்டார்மேற் கொண்ட மயக்கத்தால் வந்ததா என்பது ஈழத்திலும் தமிழகத்திலும் பலகாலும் எழுந்த வினாவாகும். அதனை ஈண்டு ஆராய்வாம்.

மனித நினைவு சங்கிலிபோலக் கண்ணி கண்ணியாகக் கோக்கப்பட்டதன்று, ஆறுபோல இடையறாது ஓடுவது என்றார் அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் யேம்ஸ். அவர் உளவியல் நூல் வெளிவந்தது 1890ஆம் ஆண்டில். அவ்வுவமையை 1918இல் மே சிங்கிளேயர் என்னும் எழுத்தாளர் டொறதி றிச்சேட்சனின் நாவல்களைத் திறனாயுமிடத்து ஆண்டார். 1922இல் வெளிவந்த யேம்ஸ் யோய்சின் 'யுலிசிஸ்' இவ்வுத்தியை உலகறியச் செய்தது.

இதனைக் கண்ட நம்மவருட் சிலர், இஃது எமக்குப் புதிதன்று என்பர். திருக்குறளில் 'நெஞ்சொடு கிளத்தல்' என ஓர் அதிகாரமே உண்டு என்பதும், அந்தக்கரணத்தை மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என நான்காகப் பகுத்தது நம் சமய மரபு என்பதும் அவர் காட்டும் சான்றுகள். சான்றுகள் மெய்யே, முடிவு பொருந்தாது. குறளில் தலைவி தன் நெஞ்சை முன்னிறுத்தி, சொல் ஒழுங்கு பிறழாது பேசுகின்றாள். நெஞ்சு அங்குக் கேட்போனாக நிற்கின்றது. நனவோடையிலோ கேட்போர் ஒருவரும் இல்லை. பிறரிடம் சொல்லவியலாததும், தன்னிடமே சொல்லக் கூசுவதும் ஆங்கு ஓடுகின்றன. இவ்வேறுபாட்டை மனத்திருத்தினாலன்றி இவ்வுத்தியின் பயன் விளங்காது.

புதுமைப்பித்தனின் 'மனித யந்திரம்' இதற்கு ஏற்ற தொடக்கமாகும். அக்கதை நனவோடை உத்தியில் முற்ற எழுதப்பட்டதன்று. எனினும் அதன் உயிர் உள்ளோட்டத்திலேயே உளது. ஆண்டுக்கணக்காய்க் கடைக் கணக்கெழுதி முதுமை எய்திய மீனாட்சிசுந்தரம் பிள்ளை, முதலாளியின் பணத்தை எடுத்துக்கொண்டு கொழும்புக்கு ஓடிச் செல்வராய்த் திரும்பக் கனவு காண்கின்றார். புகைவண்டி நிலையம் வரை சென்று மீளுகின்றார். உலகின் கண்ணுக்கு ஒன்றும் நிகழவில்லை. பேரேடு பழையபடியே திறக்கின்றது. ஆயினும் ஒரு வாழ்நாளின் அடிமைத்தனம் முழுவதையும் நாம் அறிந்துவிடுகின்றோம். 1948இல், அவர் மறைந்த ஆண்டில், வெளிவந்த 'கயிற்றரவு' இன்னும் ஒருபடி சென்றது. காலம் வெளியே ஓடுகின்றதா, நினைப்பவனுள் ஓடுகின்றதா என எண்ணியிருக்கும் பரமசிவம் பிள்ளையைப் பாம்பு தீண்டுகின்றது. கயிற்றை அரவென மயங்குதல் வேதாந்திகள் காட்டும் உவமை. இங்கு வருவதோ கடிக்கும் அரவு. நினைவின் ஓட்டத்தைப் புறவுலகு வந்து தாக்கும் அவ்விடத்திலேயே கதை பிறக்கின்றது.

லா. ச. ராமாமிருதத்தின் 'பாற்கடல்' கதையில், தலைத்தீபாவளியன்று கணவனைப் பிரிந்திருக்கும் இளம்பெண் அவனுக்குக் கடிதம் எழுதுகின்றாள். மாமியார் முதலியோர் நிறைந்த வீட்டில் வாய்திறந்து சொல்லலாகாதவை அவள் எழுத்தில் ஓடுகின்றன. மௌனி எழுதிய கதைகள் ஏறத்தாழ இருபத்துநான்கே. அவரைச் சிறுகதையின் திருமூலர் எனப் புதுமைப்பித்தன் போற்றினார். அவர் கதைகளின் அருமையை மறுப்பாரில்லை. ஆனால் அவர்வழி எழுதப்புகுந்தோர் பலர் மூட்டத்தை மட்டும் பெற்றுச் சுடரை இழந்தனர். புறவுலகு முற்றும் கரைந்துவிட்டால், ஓடுவது யாருடைய நினைவு என்பதே தெரியாது போகும்.

இனி ஈழத்தை நோக்குவாம். மருதனார்மடத்துக்கு அணித்தான சுன்னாகத்திலிருந்து 1930 முதல் வெளிவந்த 'ஈழகேசரி' இங்குச் சிறுகதை வளர உதவியது. 1954இல் தோன்றிய முற்போக்கு எழுத்தாளர் சங்கமோ, உழைப்பாளர் வாழ்வையும் சாதிக் கொடுமையையும் எழுத்தின் நடுவே கொணர்ந்தது. அப்பணி பெரிது. எனினும், அகத்தை எழுதுவது சமுதாயத்தினின்றும் தப்பியோடுவது என்றொரு எண்ணமும் அச்சூழலில் வலுப்பெற்றது. அங்கிருந்து பிரிந்து நற்போக்கு என முழங்கிய எஸ். பொன்னுத்துரை 1966இல் வெளியிட்ட 'சடங்கு', நாவலேயாயினும், இங்கு நினைக்கத்தக்கது. கொழும்பில் எழுதுவினைஞனாயிருந்து விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வரும் செந்தில்நாதன், மனைவியோடு தனித்திருக்கும் பொழுது வாய்க்காமலே திரும்புகின்றான். உத்தியோகம், பிரிவு, கூட்டுக் குடும்பம், மானம் என்னும் யாழ்ப்பாணத்து ஒழுங்கு முழுவதும் அவன் வெளியிடாத ஏக்கத்தில் உளது. இதனைச் சமுதாயமன்று என எவர் கூறவல்லார்?

நம் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை. வழுக்கியாறும் மாரியிலேயே நீர் காண்பது. மேலே பெய்த மழை சுண்ணக்கல்லினூடே இறங்கி நிலத்தடியில் தங்குகின்றது. தோட்டமெல்லாம் அந்நீரால் வாழ்கின்றது. மனிதன் உள்ளமும் அத்தகையதே. அங்கு ஊறுவது தனியொருவனது நீரன்று, ஊரின்மேற் பெய்தது. ஆதலின் அகத்தை எழுதுவோனும் சமுதாயத்தையே எழுதுகின்றான்; ஆழத்தில் நின்று எழுதுகின்றான்.

எனவே வாக்கியத்தை முறிப்பதும் நிறுத்தக்குறியை நீக்குவதும் நனவோடை ஆகா. இப்பாத்திரம் இதனை எவரிடமேனும் வாய்விட்டுச் சொல்லியிருக்க இயலுமா என எழுதுவோன் தன்னைக் கேட்டல் வேண்டும். இயலும் எனின், உரையாடலே போதும். இயலாது எனின் இவ்வுத்தி வேண்டப்படும். நம் வீடுகளிற் சொல்லப்படாதவை இன்றும் மிகப் பல. அவற்றை அறிந்த மாணவ மாணவியர் எழுத முன்வருவாராயின், இவ்வுத்தி இரவற்பொருளாய் இராது, நம் உடைமையாகும்.