முப்பது நாள் ஆங்கிலம்: விஸ்வநத்தத்துக்கு எவ்வளவு உதவும்?

சிவகாசியை ஒட்டியிருக்கும் விஸ்வநத்தத்தில் ஆங்கிலம் கண்ணில் படாத நாளே கிடையாது. பட்டாசு அட்டைப்பெட்டி, அச்சாபீஸில் வெட்டிக் கட்டும் டைரி, ஜிஎஸ்டி பில், லாரி ஆபீஸ் ரசீது, வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி என எல்லாவற்றிலும் அது இருக்கிறது. ஆனால் ஹைதராபாத்திலிருந்தோ புனேயிலிருந்தோ ஒரு வியாபாரி போன் செய்து ஆங்கிலத்தில் இரண்டு கேள்வி கேட்டால், பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு ஆபீஸில் பில் போடும் பெண் போனை அடுத்தவரிடம் நீட்டிவிடுகிறார். பத்து வருடம் ஆங்கிலத்தைப் பாடமாகப் படித்தவர்தான் அவரும்.

இந்தக் குறையைத் தீர்க்கும் மருந்தாகத் தமிழ்நாட்டில் பல பத்தாண்டுகளாக விற்பனையாகிவரும் ஒரு வகை நூல் உண்டு. சென்னை பாலாஜி பப்ளிகேஷன்ஸின் '30 நாட்களில்' வரிசை பேருந்து நிலையக் கடைகள் வரை போய்ச் சேர்ந்தது. டெல்லி புஸ்தக் மஹாலின் 'ரேபிடெக்ஸ்' 60 நாள் கணக்கு வைத்தது. கிரிக்கெட் வீரர் கபில்தேவ் அதற்கு விளம்பரத்தில் வந்தார். இந்த வகை நூல்களின் அடிப்படை வடிவம் ஒன்றேதான். தமிழ் வாக்கியம், அதற்கு நேரே ஆங்கில வாக்கியம், அதன் உச்சரிப்பு தமிழ் எழுத்தில். இன்றைய ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளும் யூடியூப் பாடங்களும் பெரும்பாலும் இதே தடத்தில்தான் நடக்கின்றன. ஆகவே இந்த முறை எதில் கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதை நிதானமாகப் பார்ப்பது அவசியம்.

முதலில் அதன் பலம். ஆங்கிலத்தைத் தமிழ் வழியாகக் கற்பிக்கலாம் என்று இந்த நூல்கள் துணிந்து நம்பின. கல்வித்துறையின் போக்கு நெடுங்காலம் வேறாக இருந்தது. 1950களின் இறுதியில் சென்னை மாநிலத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு மாபெரும் பயிற்சித் திட்டம் ஒன்று தொடங்கியது. முதலில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் வழியாக இன்னும் பலருக்கு என்று 27,000 ஆசிரியர்களை எட்டுவது நோக்கம். வாக்கிய அமைப்புகளை எளியதிலிருந்து கடினமானது வரை வரிசைப்படுத்தி, ஒரு பொருளைக் கையில் எடுத்துக் காட்டி, 'திஸ் இஸ் எ புக்' என்று வகுப்பே சேர்ந்து சொல்லும் முறை அது. ஆசிரியர் எதிரே நிற்கும்வரை அது செல்லும். ஷிப்ட் முடிந்து வீடு திரும்பி, சமையலை முடித்து, இரவு ஒன்பது மணிக்குப் புத்தகத்தைத் திறப்பவருக்கு எதிரே யாரும் இல்லை. அவருக்குத் துணை தமிழ் மட்டுமே.

அந்தத் துணை எவ்வளவு வலுவானது என்பதற்கு ஒரு பக்கம் போதும். எனக்குப் பசிக்கிறது: ஐ ஆம் ஹங்ரி. எனக்குத் தெரியும்: ஐ நோ. எனக்கு இரண்டு பிள்ளைகள்: ஐ ஹேவ் டூ சில்ட்ரன். எனக்கு இது பிடிக்கும்: ஐ லைக் திஸ். தமிழில் 'எனக்கு' நிற்கும் இந்த இடங்களில் ஆங்கிலத்தில் 'ஐ' வருகிறது. அதன் பின்னால் வரும் சொல் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஆங்கிலத்திலேயே விளக்கினால் அரை மணி நேரம் பிடிக்கும் செய்தி, நான்கு வரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவுடன் பிடிபடுகிறது. அதேபோல் 'அவர் டீச்சர்' என்று தமிழில் வினை இல்லாமலே வாக்கியம் முடிகிறது. ஆங்கிலத்தில் நடுவில் ஓர் 'இஸ்', ஓர் 'எ' கேட்கிறது. 'ஹி டீச்சர்' என்று சொல்பவர் சோம்பேறி இல்லை, தன் மொழியின் இலக்கணத்தை ஒழுங்காகப் பின்பற்றுகிறார் என்பது தெரிந்தால் கூச்சம் பாதி குறைந்துவிடும். குறைந்த விலை, யார் முன்னும் தலைகுனிய வேண்டாத தனிமை, நினைத்த நேரத்தில் திறக்கும் வசதி ஆகியவற்றையும் சேர்த்தால், பள்ளியோடு உறவு அறுந்தவர்களுக்கு இந்த நூல்கள் செய்த உதவி பெரிது.

குறைகளில் முதன்மையானது ஒலி. பொருளைச் சொல்லத் தமிழ் நல்ல துணை. ஆங்கில உச்சரிப்பைச் சொல்லத் தமிழ் எழுத்து போதாது. 'பேக்' என்று அச்சில் இருந்தால் அது பையா, முதுகா, பொட்டலம் கட்டுவதா என்று எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் மூன்றும் வெவ்வேறு ஒலி. 'கோட்' என்பது மேல்சட்டையாகவும் இருக்கலாம், ஆடாகவும் இருக்கலாம். 'வெஸ்ட்' திசையாகவும் பனியனாகவும் நிற்கிறது. சொல்லின் எந்த அசையை அழுத்த வேண்டும் என்பதைத் தமிழ் எழுத்து காட்டுவதே இல்லை; ஆங்கிலம் கேட்பவரோ அந்த அழுத்தத்தை வைத்துத்தான் சொல்லை அடையாளம் காண்கிறார். புத்தகத்தை மட்டும் நம்பி மனப்பாடம் செய்தவர், தான் நன்கு அறிந்த சொல்லே போனில் வந்தாலும் அடையாளம் தெரியாமல் திகைப்பதற்குக் காரணம் இது. அச்சுக்கு இருந்த இந்த எல்லையைக் கைபேசி நீக்கிவிட்டது. இன்று எந்தச் சொல்லையும் தொட்டால் ஒலி கேட்கும். அப்படியிருந்தும் காணொளிப் பாடங்கள் பலவற்றில் திரை நிறையத் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதப்படுகிறது.

அடுத்தது இலக்கணத்தை அடுக்கும் வரிசை. பன்னிரண்டு காலங்களுக்கும் ஒரே அளவு இடம் கொடுத்து அட்டவணை போடுவது பள்ளி இலக்கணத்திலிருந்து வந்த பழக்கம். ரென், மார்ட்டின் இருவரும் 1930களில் எழுதிய உயர்நிலைப்பள்ளி இலக்கண நூலின் நிழல் இன்றும் இந்திய வகுப்பறைகளில் நீண்டு கிடக்கிறது. பேச்சின் நடைமுறை வேறு. பேச்சையும் எழுத்தையும் கோடிக்கணக்கான சொற்கள் அளவில் திரட்டி ஆராய்ந்து 1999இல் வெளியான லாங்மன் இலக்கணம், உரையாடலில் 'ஐ கோ', 'ஐ வென்ட்' போன்ற எளிய வடிவங்கள் மற்றவற்றைவிடப் பல மடங்கு அதிகம் என்று காட்டியது. 'ஐ ஷல் ஹேவ் பீன் கோயிங்' என்பதை மனப்பாடம் செய்ய ஒரு நாளைச் செலவிடுபவர், 'டிட் யூ செண்ட் இட்?' என்று கேட்கப் பழக வேண்டிய நாளை இழக்கிறார். கேள்விதான் தமிழருக்குக் கடினமான இடம். தமிழில் கடைசியில் ஓர் 'ஆ' சேர்த்தால் கேள்வி தயார். ஆங்கிலத்தில் 'டூ', 'டஸ்', 'டிட்' என்று முன்னால் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதிகப் பக்கங்கள் கேட்கும் பாடம் இதுதான்.

மூன்றாவது குறை, வாக்கியங்கள் தனித்தனியாக நிற்பது. உரையாடல் என்ற தலைப்பின் கீழ் வருபவைகூட ஒப்பிப்பதற்கான வாக்கியங்களாகவே முடிந்துவிடுகின்றன. மேலே சொன்ன பில் போடும் பெண்ணின் போனையே எடுத்துக்கொள்ளலாம். எதிர்முனையில், 'ஹேஸ் மை லோடு லெஃப்ட்?' என்கிறார் வியாபாரி. லோடு தெரியும். லெஃப்ட் என்றால் இடதுபக்கம் என்றுதான் தெரியும். இந்த இடத்தில் அவருக்கு உடனே வேண்டியது, 'சாரி சார், குட் யூ ஸே தட் அகெய்ன், ஸ்லோலி?' என்ற ஒரே வாக்கியம். வியாபாரி மெதுவாக, 'ஹேஸ் த லாரி ஸ்டார்ட்டட்?' என்று மாற்றிக் கேட்பார். 'நாட் யெட் சார். டுநைட்.' வேலை முடிந்தது. புரியாதபோது பேச்சை நிறுத்தி, திரும்பச் சொல்லவைத்து, தான் புரிந்துகொண்டதைச் சரிபார்க்கும் இந்தத் திறமைதான் உரையாடலின் உயிர்நாடி. மனப்பாடப் பட்டியலில் இதற்குக் கிடைக்கும் இடம் மிகவும் சிறியது.

இதற்கு மாற்று வழியைத் தென்னிந்தியாவே ஒருமுறை முயன்று பார்த்திருக்கிறது. 1979 முதல் 1984 வரை மொழிக்கல்வியாளர் என்.எஸ். பிரபு தலைமையில் பெங்களூரு, சென்னை உள்ளிட்ட இடங்களின் பள்ளி வகுப்புகளில் ஒரு சோதனை நடந்தது. இலக்கணப் பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, ரயில் கால அட்டவணையைக் கொடுத்து எந்த வண்டியில் போகலாம் என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். வரைபடத்தைக் கொடுத்து வழி சொல்லச் சொன்னார்கள். கவனம் வேலையில் இருக்கும்போது மொழி தானாக ஊறும் என்பது கருதுகோள். பிறகு நடந்த மதிப்பீட்டில், இப்படிப் படித்தவர்கள் மொழியைப் பயன்படுத்தும் சோதனைகளில் முந்தினார்கள். வாக்கிய அமைப்புச் சோதனையில் பழைய முறையில் படித்தவர்கள் முந்தினார்கள். இரண்டும் வேண்டும் என்பதே இதிலிருந்து விஸ்வநத்தத்துக்குக் கிடைக்கும் செய்தி. வாக்கியத்தைப் புத்தகத்தில் பார்க்கலாம். அதைக் கொண்டு ஒரு வேலையை முடித்துப் பழக எதிரே இன்னொருவர் வேண்டும்.

சொல் வளத்திலும் கற்பவரின் வாழ்க்கைக்கும் புத்தகத்துக்கும் இடையே தூரம் இருக்கிறது. மைக்கேல் வெஸ்ட் டாக்காவில் ஆங்கிலம் கற்பித்த அனுபவத்தோடு உழைத்து, 1953இல் சுமார் 2,000 சொற்கள் கொண்ட பொதுப்பட்டியலை வெளியிட்டார். அதிகம் புழங்கும் சொல்லை முதலில் கற்றுக்கொடு என்ற அந்தக் கொள்கை இன்றும் செல்லும். பேச்சைத் தடையின்றிப் புரிந்துகொள்ள ஆறேழாயிரம் சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) வேண்டும் என்று சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006இல் கணக்கிட்டார். முப்பது நாளில் அந்த எண்ணிக்கையைத் தொட வழியே இல்லை. ஆனால் பட்டாசு ஆபீஸில் வேலை செய்பவர் வெறுங்கையோடு தொடங்கவும் இல்லை. ஃபோர்மேன், ஷெட், லேபிள், பண்டல், ஸ்டாக், ஆர்டர், சேம்பிள், லைசென்ஸ், அட்வான்ஸ், போனஸ் என்று நாள் முழுக்க ஆங்கிலச் சொற்களைத்தான் அவர் புழங்குகிறார். கவுண்ட், செக், பேக், செண்ட், ரிசீவ் போன்ற பத்து வினைகளை இவற்றோடு கோத்துவிட்டால் முதல் வாரத்திலேயே ஐம்பது உண்மையான வாக்கியங்கள் கைவசம் இருக்கும். ஆப்பிளிலும் சிங்கத்திலும் தொடங்குவது ஐந்து வயதுக் குழந்தைக்குச் சரி.

இந்த ஊரின் தேவை வெறும் பேச்சும் இல்லை. வடக்கே போகும் சரக்குக்கு இந்தி தெரிந்தவர்தான் அதிகம் பேசுகிறார். ஆங்கிலம் வந்து அழுத்துவது படிப்பதிலும் எழுதுவதிலும்: இணையப் படிவம், பில், வங்கிச் செயலி, வாடிக்கையாளருக்கு ஒரு மின்னஞ்சல். வெடிபொருள் விதிகள் 2008 மத்திய அரசின் அறிவிக்கையாக ஆங்கிலத்திலும் இந்தியிலும் வந்தவை. பெரிய ஆலைகளுக்கு உரிமம் தருவது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அமைப்பு. ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பட்டாசு மருந்து கலக்கும் அறையில் உயிர் காக்கும் விதி எதுவும் ஆங்கிலம் தெரிந்தால்தான் புரியும் என்ற நிலை இருக்கவே கூடாது. அது தமிழில், சுவரில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். ஆங்கிலம் வாழ்க்கையில் ஏறுவதற்காகக் கற்பது. உயிரோடு இருப்பதற்கு அது நிபந்தனையாகக் கூடாது.

அரசின் முயற்சிகளும் நடக்கின்றன. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் விரிந்தன. 2022இல் சிறு வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அதே ஆண்டு மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் கல்லூரி மாணவருக்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டது. இவை எல்லாம் பள்ளி, கல்லூரிக்குள் இருப்பவர்களுக்கு. படிப்பை விட்டு ஆபீஸுக்குப் போய்விட்ட இருபத்தைந்து வயதுக்காரர் இன்றும் பேருந்து நிலையக் கடையையும் கைபேசியையும்தான் நம்பியிருக்கிறார். சிவகாசி வட்டாரத்தில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963இலும், ராஜரத்தினம் மகளிர் கல்லூரி 1968இலும், மெப்கோ பொறியியல் கல்லூரி 1984இலும் தொடங்கின. தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் வளர்த்த வட்டாரத்தில் எழுந்த இந்தக் கல்லூரிகளின் மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பேச்சுத்துணையாக வந்தாலே, முப்பது நாள் புத்தகம் தர முடியாததைத் தந்துவிடலாம்.

அதுவரை, பணம் கட்டி வகுப்பில் சேர நினைப்பவர் சில கேள்விகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஒரு மணி நேர வகுப்பில் மாணவர் வாய் திறந்து பேசுவது எத்தனை நிமிடம்? உச்சரிப்பைக் காதால் கேட்க வைக்கிறார்களா, தமிழில் எழுதிப்போடுகிறார்களா? கேள்வி கேட்கவும், புரியாததைத் திரும்பக் கேட்கவும் தனிப் பயிற்சி உண்டா? தன்னுடைய பில்லையும் ஆர்டரையும் கொண்டுபோனால் அதையே பாடமாக எடுப்பார்களா? நான்குக்கும் தெளிவான பதில் தரும் வகுப்பு மூன்று மாதம் கேட்டாலும் சேரலாம். தராத வகுப்பு முப்பது நாள் என்றாலும் அந்தப் பணத்துக்குப் புத்தகமும் இயர்போனும் வாங்கிக்கொள்வது மேல்.