வலிக்கு எத்தனை மார்க்?

"பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்ள உங்க வலிக்கு எத்தனை மார்க் போடுவீங்க?" ஆஸ்பத்திரிகளில் இந்தக் கேள்வி இப்போது சர்வசாதாரணம். ஆபரேஷன் முடிந்த ராத்திரி, ஊசி போட்டபின் எட்டு நாலாகக் குறைந்ததா என்று பார்க்க இது போதும். ஆனால் மாதக்கணக்கில் நீளும் வலியையும் இந்த ஒற்றை எண்ணை வைத்தே பின்தொடரலாமா? அங்கேதான் எனக்குச் சந்தேகம். இதற்காக மெக்கில் வலி வினாத்தாளை எடுத்துப் படித்தேன்.

ரொனால்ட் மெல்சாக் 1975-ல் வெளியிட்டது இது. 1965-ல் பாட்ரிக் வாலுடன் சேர்ந்து, தண்டுவடத்தில் ஒரு 'கதவு' வலிச் செய்தியைக் கூட்டிக் குறைக்கிறது என்று சொன்ன அதே மெல்சாக். வினாத்தாளில் 78 சொற்கள், 20 தொகுதிகள். குத்துகிறதா, எரிகிறதா, துடிக்கிறதா என்று ஒரு வகை. களைப்பாக்குகிறதா, பயமுறுத்துகிறதா என்று இன்னொரு வகை. கூடவே எங்கே வலிக்கிறது என்று குறிக்க உடம்பின் படம், விட்டுவிட்டு வருகிறதா, ஓயாமல் இருக்கிறதா என்ற கேள்வி.

இதனால் என்ன லாபம்? முதுகுவலிக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். போன மாதம் ஆறு, இந்த மாதமும் ஆறு. சார்ட்டைப் பார்த்தால் மாற்றமே இல்லை. ஆனால் போன மாதம் "இடுப்பு கடுக்குது" என்றவர் இப்போது "கால் வரைக்கும் சுளீர்னு ஷாக் அடிக்குது, எரியுது" என்கிறார். எரிச்சலும் ஷாக்கும் நரம்பு பாதிக்கப்பட்டதன் அறிகுறியாக இருக்கலாம். அந்த வகை வலி வழக்கமான வலி மாத்திரைகளுக்கு அவ்வளவாகக் கட்டுப்படாது. வேறு மருந்து யோசிக்க வேண்டும். வெறும் ஆறை மட்டும் எழுதி வைத்தால் இது யார் கண்ணிலும் படாது.

வினாத்தாளிடமும் எனக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, இவ்வளவு சொற்களையும் கேட்டுவிட்டு, கடைசியில் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டிவிடுகிறது. முற்றிலும் வேறான இரண்டு வலிகளுக்கு ஒரே கூட்டுத்தொகை வரலாம். திரும்பவும் மார்க்தான்!

இரண்டு, சொற்கள் ஆங்கிலத்தில் பிறந்தவை. அகராதியை வைத்து அவற்றுக்குத் தமிழில் இணை தேடினால் நம்மிடம் உள்ளது விடுபட்டுப்போகும். குடைச்சல் வேறு, உளைச்சல் வேறு, கடுப்பு வேறு. 'விண்விண்ணுன்னு தெறிக்குது' என்பது இவை எதிலும் சேராது. மெல்சாக் 1971-ல் டார்கர்சனுடன் செய்த வேலையைத்தான் பின்பற்ற வேண்டும்: புழக்கத்தில் உள்ள சொற்களைத் திரட்டி, இனம் பிரித்து, எது அதிக வலி என்று ஆட்களிடமே கேட்டு வரிசைப்படுத்துவது.

"இதுக்கெல்லாம் நேரம் ஏது?" என்று டாக்டர்கள் கேட்பார்கள். நியாயம்தான். மெல்சாக்கே 1987-ல் பட்டியலை 15 சொற்களாகச் சுருக்கினார். அதுவும் முடியாதென்றால், எண்ணுக்குப் பக்கத்தில் நோயாளி சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி வையுங்கள்: "6, எரியுது." அடுத்த முறை பார்க்கிறவருக்கு எதைக் கேட்க வேண்டும் என்றாவது தெரியும்.