வடிவமாற்றத்தில் தொலையும் பெயரும் இடமும்: பாலாற்றுத் தோல்பதனிடு வட்டாரத் தரவுகளை முன்வைத்து

இடஞ்சார் தரவை ஒரு கோப்பு வடிவிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் செயல் ஆய்வேடுகளில் ஒற்றை வரியில் கடந்துசெல்லப்படுகிறது. பல வேளைகளில் அவ்வரியும் இடம்பெறுவதில்லை. கோப்பு மாறினாலும் உள்ளடக்கம் மாறாது என்னும் நம்பிக்கையே இதற்குக் காரணம். பாலாற்றுத் தோல்பதனிடு வட்டாரத்தைக் கருதின் இந்நம்பிக்கை நிலைபெறாது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு வழங்கிய தீர்ப்பு, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியிழந்தமையைப் பதிவுசெய்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்றது. ஈடு என்பது எந்த ஊர், எந்தக் கிணறு என்னும் வினாவில் தொடங்குவது. ஆகவே இங்குப் பெயரும் இடமும் சான்றுகளாகின்றன.

முதலில் பெயர். ஷேப்ஃபைல் வடிவில் புலப்பெயருக்கு 10 பைட்டு மட்டுமே உண்டு. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டு கொள்ளும். துணைக்குறியும் புள்ளியும் தனிக் குறிகளே. எனவே ‘ஆழம்’ என்னும் சிறுசொல்லே 12 பைட்டாகி வரம்பை மீறுகிறது. இதனால் ஆய்வாளர் ரோமன் எழுத்தை நாடுகிறார்; அவ்வழக்கம் ஊர்ப்பெயர்களையும் தொற்றுகிறது. பகரத்துக்கும் ககரத்துக்கும் ரோமனில் இவ்விரண்டு எழுத்துகள் பொருந்துவதால் பாகாயம் என்னும் ஓரூர் நான்கு வகையாக எழுதப்படலாம். அங்குத் தொகுக்கப்படும் நலவாழ்வுத் தரவை நீர்த்தரவோடு ஊர்ப்பெயரால் இணைக்கும் நிரல், எழுத்து வேறுபட்டால் அதனை வேற்றூராகவே கொள்ளும்.

அடுத்து இடம். ஆர் நிரல்மொழியில் ஆர்ஜிடால், ஆர்ஜியாஸ், மேப்டூல்ஸ் ஆகிய பொதிகள் 2023 அக்டோபரில் விலக்கப்பட்டபின், பழைய எஸ்பி பொதியிலிருந்து எஸ்எஃப் பொதிக்கு மாறும் தேவை மிகுந்தது. எஸ்எஃப் பொதியில் ஆயத்தொலை முறைமையைப் பெயரிடுதல் வேறு. ஆயத்தொலைகளை உருமாற்றுதல் வேறு. இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடங்கள் எவரெஸ்ட் கோளவுருவையும், ஜிபிஎஸ் கருவிகள் டபிள்யூஜிஎஸ்-84 முறைமையையும் அடிப்படையாகக் கொண்டவை. உருமாற்றாது பெயரை மட்டும் இட்டால், இவ்வட்டாரத்தில் ஒரு கிணறு 100 மீட்டருக்கும் மேல் இடம்பெயரும். கழிவுநீர் வாய்க்காலை அடுத்த கிணறு வரைபடத்தில் அதனின்று விலகி நிற்கும். முறைமை குறிக்கப்படாத கோப்புக்குப் பெயரிடுகையில் நிரல் எச்சரிப்பதுமில்லை.

2014இல் தரப்படுத்தப்பட்ட ஜியோபேக்கேஜ் வடிவம் தமிழ்ப் புலப்பெயரை முழுமையாக ஏற்கிறது. ஆயத்தொலை முறைமையையும் ஒரே கோப்புக்குள் தாங்குகிறது. எனினும் முன்னரே வெட்டுண்ட பெயரை அது மீட்டுத் தராது. பிழையான முறைமைப் பெயரையும் மெய்யெனவே காக்கும். எனவே புதிய வடிவத்தைப் பரிந்துரைப்பதோடு சிக்கல் தீர்வதில்லை. மூல வடிவம், ஆயத்தொலை முறைமை, மாற்றத்துக்கு முன்னும் பின்னுமான ஊர்ப்பெயர்ப் பட்டியல், களத்தில் அறிந்த ஒரு புள்ளியைக்கொண்டு செய்த சரிபார்ப்பு ஆகியவை ஆய்வேட்டின் முறையியல் இயலில் இடம்பெற வேண்டும். அவை இல்லாத வரைபடத்தைச் சான்றாக ஏற்பதில் மதிப்பீட்டாளர் தயக்கம் காட்டுவதே முறை.