சுண்டெலியிடம் எதைக் கேட்பது?

சுண்டெலியின் ரத்தக்குழாயில் கொழுப்புப் படிவைக் குறைத்துக் காட்டிய மருந்துகள் ஏராளம். அவற்றில் நோயாளியின் கைக்கு வந்து சேர்ந்தவை மிகச் சில. கல்லீரல் கொழுப்பு நோயிலும் இதே கதைதான். இந்த இடைவெளிக்குச் சுண்டெலியைப் பழிப்பதில் பயனில்லை. சுண்டெலியால் பதில் சொல்லமுடியாத கேள்வியை அதனிடம் கேட்பதுதான் பெரும்பிழை என்பது என் கருத்து.

ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பு படியும் தமனித் தடிப்பு இயல்பான சுண்டெலிக்கு வருவதில்லை. 1992இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்திலும் வட கரோலினாவிலும் ரத்தக் கொழுப்பை அகற்ற உதவும் ஏபோ-ஈ மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை உருவாக்கினார்கள். மனிதருக்குப் பல பத்தாண்டுகளில் முற்றும் நோய் இவற்றுக்குச் சில மாதங்களில் வந்துவிடும். இதயத்திலிருந்து மகாதமனி புறப்படும் இடத்தை மெல்லிய சீவல்களாக்கி, ‘ஆயில் ரெட் ஓ’ சாயம் ஏற்றினால் கொழுப்புப் படிவு சிவப்பாகத் தெரியும். அதன் பரப்பை அளந்து மருந்தின் பலனைக் கணிக்கிறார்கள்.

இம்முறை கற்றுத்தந்தது சிறிதன்று. தமனித் தடிப்பில் அழற்சிக்கும் பங்குண்டு என்ற கருத்துக்கு இச்சுண்டெலிகள் வலுச்சேர்த்தன. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-1 பீட்டாவை அடக்கும் கனகினுமாப் மருந்தை மாரடைப்பு கண்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் சோதித்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. 150 மில்லிகிராம் அளவில் கொடுத்தபோது மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன.

குறைகளும் அதே அளவு ஆழமானவை. சுண்டெலியில் கொலஸ்ட்ராலைப் பெரும்பாலும் எச்.டி.எல். துகள்களே சுமக்கின்றன, மனிதரில் எல்.டி.எல். சுமக்கிறது. கொழுப்புத் துகள்களுக்கிடையே கொலஸ்ட்ராலை இடம்மாற்றும் சி.இ.டி.பி. புரதம் அதற்குக் கிடையாது. அதன் படிவு மகாதமனியின் அடியில் சேரும். நமக்கு இதயத் தமனிகளில். மனிதருக்குப் பெரும்பாலும் படிவு வெடித்து, ரத்தம் உறைந்து மாரடைப்பு வருகிறது. சுண்டெலியில் அந்த வெடிப்பு அரிது. ஆகவே படிவின் பரப்பு சுருங்கியதை வைத்து மாரடைப்பு குறையும் என்று முடிவுகட்ட முடியாது. சுண்டெலியில் படிவைக் குறைத்த அவாசிமைப் மருந்து, 2004இல் வெளியான மனித ஆய்வில் பலன் தரவில்லை.

எதிர்த்திசையிலும் தவறு நேரும். ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த முதல் ஸ்டாடினான காம்பாக்டின், ஆய்வக எலிகளின் ரத்தக் கொலஸ்ட்ராலை அசைக்கவே இல்லை. 1976இல் முட்டையிடும் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது கொலஸ்ட்ரால் குறைந்தது. எலியின் தீர்ப்பே இறுதி என்று விட்டிருந்தால் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மருந்துகளின் பிறப்பு இன்னும் தள்ளிப்போயிருக்கும்.

கல்லீரல் ஆய்வில் சிக்கல் தீனியிலேயே தொடங்குகிறது. மெத்தியோனினும் கோலினும் இல்லாத தீனி கொடுத்தால் சில வாரங்களில் கல்லீரல் கொழுத்து அழற்சியும் தழும்பும் தோன்றும். ஆனால் அந்தச் சுண்டெலி மெலிந்துபோகிறது. இன்சுலின் எதிர்ப்பும் இராது. நம்மில் பெரும்பாலோருக்கு இந்நோய் உடல் பருமனோடும் சர்க்கரையோடும் சேர்ந்தே வருகிறது. விலங்குகளில் தழும்பைக் குறைத்த செலோன்செர்டிப் மருந்து, 2019இல் மனிதச் சோதனையின் மூன்றாம் கட்டத்தில் தோற்றது. 2024இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ரெஸ்மெடிரோமோ, 52 வாரங்களுக்குப் பின் நோயாளிகளின் கல்லீரல் திசுவையே எடுத்துப் பார்த்துத் தன் பலனை நிறுவியது.

சரியான வழிக்கு நல்ல சான்று பி.சி.எஸ்.கே.9. 2003இல் கொலஸ்ட்ரால் மிகுந்த பிரெஞ்சுக் குடும்பங்களில் இம்மரபணுவின் மாற்றம் தெரியவந்தது. அது செயலிழந்தவர்களுக்கு இதயநோய் குறைவு என்பது அமெரிக்காவில் பின்னர் புலப்பட்டது. எல்.டி.எல்.-ஐப் பிடிக்கும் ஏற்பிகளை அம்மரபணு தரும் புரதம் அழிக்கிறது என்று விளக்க உதவியவை சுண்டெலிகள். அப்புரதத்தைத் தடுக்கும் மருந்து 2015இல் வந்தது. எதைத் தடுக்க வேண்டும் என்பதை மனிதரின் மரபணு சொன்னது. அது எப்படி இயங்குகிறது என்பதைச் சுண்டெலி சொன்னது.

அந்த வரிசையே ஆய்வகங்களின் வழக்கமாக வேண்டும். ஆண், பெண் இரண்டிலும், ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரிகளிலும் சோதிப்பதும், மனிதத் திசுவில் ஒத்துப்பார்ப்பதும், தோற்ற முடிவுகளை மறைக்காமல் வெளியிடுவதும் கட்டாயமாக வேண்டும். ‘எலிகளில் வெற்றி’ என்ற தலைப்பை மாரடைப்பு கண்டவரின் குடும்பம் நம்பிக்கையோடு படிக்கிறது. எந்த மாதிரி, எந்தத் தீனி, மனிதரில் சோதித்தாயிற்றா என்பதைச் செய்தியின் முதல் பத்தியிலேயே சொல்வது எழுதுபவரின் கடமை.